நம்பர் நாலு கேட்ட கேள்வி

1. சுவர் முகம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் பேராசிரியர் என்னிடம் மூன்று பொருட்களைக் கொடுத்தார். ஒரு டேப் ரெக்கார்டர். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய எண் எழுதிய அட்டைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஊக்கு. அப்புறம் ஒரு நோட்டு. அதன் முதல் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும்.

"புரிஞ்சுதா ராஜி? ஒருத்தர் ஆளுங்கட்சியைத் திட்டுவார், இன்னொருத்தர் புகழ்வார். நீ தலையாட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. உனக்கு என்ன தோணுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அவங்க பேச்சு உன் பக்கம் சாஞ்சிடும். அப்புறம் நீ அளக்கறது உன்னையேதான்."

"தும்மல் வந்தா சார்?"

"தும்மு. ஆனா யார் பேசினதுக்குத் தும்மினேன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

நல்ல மனுஷர். சிரிக்காமலே சிரிக்க வைப்பார்.

சமூக உளவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான். தனியாக இருக்கும்போது ஒன்று நினைக்கிறவர்கள், நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் ஏன் வேறொன்று சொல்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. அரசியல் கருத்தும் கூட்டு முடிவும் என் பிரிவு. கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அம்மா இதை இன்னும் சுருக்கிவிடுவாள். "எங்க ராஜி ஊர் வம்பை டேப்புல புடிச்சு, அதுக்கு மார்க் போடறா" என்பாள். அதுவும் தப்பில்லை.

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேரைக் கூட்டுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். டேப்பில் பெயர் விழுந்து, அந்த டேப் யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து. அதனால் ஆளுக்கொரு எண் அட்டையைச் சட்டையில் குத்திவிடுவோம். பேசுவதற்கு முன்னால், பின்பக்கம் அதே எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. 'ஒன்று' என்றால் கூடவே கூடாது, 'ஐந்து' என்றால் கட்டாயம் வேண்டும். எழுதி மடித்துப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசவேண்டும். பேசி முடித்ததும் மறுபடி சீட்டு. முதல் சீட்டுக்கும் இரண்டாம் சீட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் எங்கள் பிழைப்பு.

எந்தப் பெயருக்கு எந்த எண் என்கிற பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கிழித்து எரித்துவிட வேண்டும். டேப்பில் உள்ளதை எழுதியெடுத்த பிறகு அதையும் அழித்துவிட வேண்டும். அறையில் பேசியது அறையோடு. இந்த வாக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியல்களை எல்லாம் எரித்தேன். டேப்களில் ஒன்றை மட்டும் அழிக்கவில்லை.

2. பெஹாலா, குழு மூன்று

அது முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தாவில் பெஹாலா பகுதியில் ஒரு பாடா கிளப். பாடா என்றால் பேட்டை. நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு குடும்பம் மாதிரி வாழ்கிற, ஒரு குடும்பம் மாதிரியே சண்டை போடுகிற இடம். கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கிளப்புக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்த்து மண்டபம் கட்டலாமா என்று அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள் அது கட்சி விஷயமாகிவிட்டது. தூர்க்க வேண்டும் என்றால் நம்ம ஆள், குளம் வேண்டும் என்றால் எதிர்க்கட்சி ஆள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. எங்களுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கற்பனைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, நிஜக் கேள்வியே இருக்கிறது.

எட்டுப் பேரில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். (தா, தாதா என்றால் அண்ணன்; தி, திதி என்றால் அக்கா.) நம்பர் இரண்டு, தபன்-தா, கிளப் செக்ரட்டரி. கணீரென்ற குரல். நம்பர் ஏழு, புல்புல்-தி, பள்ளிக்கூட டீச்சர். நம்பர் நாலு, தீபங்கர்-தா, தபால் ஆபீஸ் கிளார்க். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

முதல் சீட்டில் ஏழு பேர் மூன்று, நாலு என்று எழுதியிருந்தார்கள். அரை மனசுதான். தீபங்கர்-தா ஒன்று.

பேச்சு ஆரம்பித்தது. எல்லாரும் பேசியது வங்க மொழியில். நான் தமிழில் தருகிறேன்.

"மழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்க போகும்?" என்றார் தீபங்கர்-தா. "இப்போ குளத்துக்குப் போகுது. நாளைக்கு நம்ம வீட்டுக்குள்ள வரும். அப்புறம், இன்னொண்ணு. என் பொண்ணு போன வாரம்தான் என் கையை விட்டுட்டு முதல் தடவையா நீந்தினா. அந்தக் கரையிலேர்ந்து இந்தக் கரைக்கு."

"பொண்ணு நீந்தறதுக்காக ஊருக்கே மண்டபம் வேண்டாமா?" என்று ஒருவர். "யார் சொல்லிக் கொடுத்துப் பேசறீங்க?" என்று இன்னொருவர். ஒவ்வொருவராகச் சூடேற, மற்றவர்களும் சூடேறினார்கள். அரை மனசாக வந்தவர்கள் முக்கால் மணியில் முழு மனசானார்கள். என் பாடப் புத்தகம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. உள்ளுக்குள் எனக்குக் குதூகலம். முகம் சுவர்.

தீபங்கர்-தா விடவில்லை. மறுபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அப்போதுதான் தபன்-தா சொன்னார்: "சரி தாதா, குளத்தை வெச்சுக்குங்க. நாளைக்கு உங்க பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாற அந்தக் குளத்து மீனுங்களையே கூப்பிட்டுக்குங்க. பாடா பசங்க ஒருத்தனும் வரமாட்டான்."

அறை முழுக்க ஒரே சிரிப்பு.

கல்கத்தாவில் இது சாதாரணக் கேலி இல்லை. கல்யாணமோ சாவோ, பாடாப் பையன்கள்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்கள் வராத வீடு ஊருக்குள் இருந்தும் இல்லாத வீடு.

அதற்குப் பிறகு தீபங்கர்-தா வாயே திறக்கவில்லை. நேரம் முடியும்போது மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒருத்தர்தான் இன்னும் பேசலை திதி. உங்களுக்கு என்ன தோணுது?"

எத்தனையோ கூட்டம் நடத்தியிருந்தேன். யாரும் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை.

"என் கருத்து இதுல சேராது, நம்பர் நாலு" என்றேன். டேப்பை நிறுத்தினேன்.

இரண்டாம் சீட்டில் ஏழு பேரும் ஐந்து. தீபங்கர்-தாவின் சீட்டைப் பிரித்தேன். வெறும் தாள். எங்கள் விதிப்படி வெற்றுச் சீட்டு கணக்கில் வராது. 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அட்டைகளைத் திரும்ப எண்ணும்போது ஏழுதான் இருந்தன. 'அட்டை 4 காணவில்லை' என்று அதையும் எழுதிவைத்தேன். அந்த நேரம் அவர் வாசலில் நின்று எதையோ சட்டையிலிருந்து மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு. தீபங்கர்-தாவும் கை தூக்கினார் என்று புல்புல்-தி சொல்லிக் கேள்விப்பட்டேன். தீர்மானத்தில் 'ஒருமனதாக' என்று எழுதினார்களாம். யோசித்துப் பார்த்தால், எங்கள் கூட்டம் அந்தப் பொதுக்குழுவுக்கு ஒத்திகை ஆகிவிட்டது. யார் தனி ஆள் என்று ஒரு வாரம் முன்னாலேயே எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டோம்.

என் கட்டுரை பிரமாதமாக வந்தது. சார் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதில் தீபங்கர்-தா ஒரு அடிக்குறிப்பில் இருந்தார், 'ஒருவர் பதிலளிக்கவில்லை' என்று.

3. கண்ணாடிக் கூட்டுக்குள்

டேப்பை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டால், மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஊருக்கு உபதேசம், வீட்டுக்கு விதிவிலக்கு.

வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் அந்த டேப்பின் கடைசி நிமிஷத்தை மட்டும் போட்டுக் கேட்பேன். உங்களுக்கு என்ன தோணுது? காதல் கீதல் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக ஏங்கியிருக்கிறேன். ஆயிரம் பேர் கருத்தைக் கேட்டு எழுதுகிறவளுக்கு, தன்னையும் ஒருத்தர் கேட்டார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அவருக்குப் பதில் சொல்லவில்லையே என்று நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பெஹாலா என்ன லண்டனா? போகவில்லை.

ரிடையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து, சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. பெயர் ரூபா என்றாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே மஞ்சளாகிப்போன அட்டை, துருப்பிடித்த ஊக்கு. 'குழு 3' என்று ஓரத்தில் என் கையெழுத்து. நடுவில் 4.

"மாஷி" என்றாள், சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி. "இது உங்க டிபார்ட்மென்ட் அட்டைதானே? புல்புல் பிஷிதான் உங்க முகவரி கொடுத்தாங்க."

தீபங்கர்-தாவின் மகள். அவள் அப்பாவைத்தான் முதலில் கேட்டேன். "பாபா?"

"துர்கா பூஜைக்கு முன்னாடி போயிட்டார். சாமானை எல்லாம் ஒதுக்கும்போது இது கிடைச்சுது."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்தக் குளத்துல அவர்தான் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் லாரி வந்து மண்ணைக் கொட்டினாங்க. நீங்களும் கை தூக்கினீங்களாமேன்னு கேட்டேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டே இருந்தார். அதுக்கப்புறம் குளத்தைப் பத்தி நாங்க பேசினதே இல்லை மாஷி. நான் தண்ணியில இறங்கினதும் இல்லை. பாபான்னா பயந்தாங்கொள்ளின்னு மனசுல வெச்சே அவ்வளவு வருஷமும் ஓட்டிட்டேன். அந்தக் கூட்டத்துல அவர் ஏதாவது சொன்னாரா? அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்."

நாக்கு நுனியில் பதில் நின்றது. சொன்னாரம்மா, ஒற்றை ஆளாக நின்று சொன்னார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த அறையில் எட்டுப் பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"மத்தவங்களைக் கேக்காம நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா" என்றேன். "கேட்டுட்டு வரேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருப்பாள். அட்டையைக் கூட்டில் வைத்து மூடிக்கொண்டு போனாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தகப்பனுக்குக் காட்டிய சுவரைத்தான் மகளுக்கும் காட்டினேன்.

4. மூன்று செங்கல்

மறுநாளே பெஹாலா போனேன். எட்டுப் பேரில் தீபங்கர்-தாவைத் தவிர இன்னும் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மூன்று பேர் ஊர் மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று புல்புல்-திக்கும் தெரியவில்லை. பட்டியலை எரித்துவிட்டதால் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. மிச்சம் புல்புல்-தியும் தபன்-தாவும்தான். கேட்க முடியாத ஐந்து பேரின் குரலையும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இந்த இருவர் சம்மதம் வேண்டும்.

புல்புல்-தியையும் கூட்டிக்கொண்டு தபன்-தா வீட்டுக்குப் போனேன். குளம் இருந்த இடத்தில் மண்டபம், மண்டபத்தை ஒட்டி அடுக்குமாடி, அதன் தரைத்தளத்தில் அவர். கணீர்க்குரல் போய்விட்டிருந்தது. அறையில் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. ஃப்ரிட்ஜுக்கும் அப்படியே.

விஷயத்தைச் சொல்லி, பழக்க தோஷத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டை நீட்டினேன். புல்புல்-தி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இவ திருந்தவே மாட்டா!"

புல்புல்-தி ஐந்து. தபன்-தா ஒன்று.

"அது முடிஞ்சுபோன கதை திதி" என்றார் தபன்-தா. "அப்போ ஏதோ பேசியிருப்போம். அதை இப்போ அந்தப் பொண்ணு கேட்டு என்ன ஆகப்போகுது? இந்தப் பாடாவுல எனக்கு இன்னும் நாலு பேர் மரியாதை கொடுக்கறாங்க."

"தபன்" என்றார் புல்புல்-தி, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில். "உன் கட்டிலுக்குக் கீழ எத்தனை செங்கல்?"

"மூணு."

"போன மழைக்கு?"

"ரெண்டு."

"யார் சொன்னா, தண்ணி வீட்டுக்குள்ள வரும்னு?"

அவர் குனிந்து செங்கல்லைப் பார்த்தார். ஆனால் மசியவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி அதையே பேசினோம். கிளம்பும்போது இரண்டாவது சீட்டு கொடுத்தேன். புல்புல்-தி மறுபடி ஐந்து. தபன்-தாவின் சீட்டைப் பிரித்தேன். ஒன்றுமே எழுதவில்லை.

முன்பு என்றால் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு ஒயர் சுற்றப் போயிருப்பேன். இந்த முறை உட்கார்ந்துவிட்டேன்.

"தபன்-தா, நீங்க எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். டேப்புல இருக்கறது உங்க குரல். ஒரு தடவை வந்து கேளுங்க. அப்புறம் அழிக்கச் சொன்னா உங்க கண் முன்னாடியே அழிச்சுடறேன்."

5. சிரிப்பை என்ன செய்வது

என் கணவர் சேகர் பேங்கிலிருந்து ரிடையர் ஆனவர். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. ஐந்து பேர் குரலை வெட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். கேசட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா பீரோவுல ஒளிச்சு வெச்சிருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? சரியான அமுக்குணி" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார்.

"ராஜி, இங்க வா. குரலை எல்லாம் வெட்டிட்டேன். இந்தச் சிரிப்பை என்ன பண்றது? எல்லாரும் ஒண்ணா சிரிக்கறாங்க, யாருதுன்னு பிரிக்க முடியலை."

போட்டார். மீனுங்களையே கூப்பிட்டுக்குங்க. வெடித்தது சிரிப்பு. அவர் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல மைக்குக்குப் பக்கத்துல ஒரு பொம்பளைச் சிரிப்பு கேக்குது பாரு."

"புல்புல்-தியா இருக்கும்."

"இல்லை. முப்பத்தஞ்சு வருஷமா இந்தச் சிரிப்போட குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷம் கடைசி நிமிஷத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன். எழுதியெடுத்த தாளில் 'எல்லோரும் சிரிக்கிறார்கள்' என்று இருக்கிறது, அதுவும் என் கையெழுத்துதான். அந்த எல்லோரில் நானும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவராம் சுவர்! எட்டாவது ஆளாக நானும் சேர்ந்துதான் அந்த மனிதரை வாயடைக்கச் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் திரும்பி, உங்களுக்கு என்ன தோணுது என்று என்னைக் கேட்டிருக்கிறார். அன்று சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

அதே வாரம் தபன்-தா வந்தார். பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ், ஒரு ஆட்டோ மாறி வந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். சேகர் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கேட்டார்: "இது நான்தானா?"

"ஆமா."

"விளையாட்டுக்குச் சொன்னேன் திதி. சொன்னதே மறந்துபோச்சு." கையைப் பிசைந்துகொண்டார். "ரூபா கல்யாணத்துல நான்தான் மீன் பரிமாறினேன் தெரியுமா? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னேன். கடைசிப் பந்தியில தீபங்கர்-தா என்னை உக்கார வெச்சு, அவர் கையாலேயே ரெண்டு துண்டு அதிகமா வெச்சார். வந்ததுக்கு நன்றின்னு என் கையைப் புடிச்சுக்கிட்டார். என்னடா இது, பாடாப் பையன் வரதுக்கெல்லாம் நன்றி சொல்றாரேன்னு அன்னிக்குச் சிரிச்சேன்."

சேகர் கம்ப்யூட்டரை அணைக்க எழுந்தார்.

"என் குரலை வெட்டாதீங்க" என்றார் தபன்-தா. "வெட்டிட்டா, அவர் ஏன் பேசறதை நிறுத்தினார்னு அந்தப் பொண்ணுக்குப் புரியாது."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் கைப்படச் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

6. ரூபா கேட்டது

ரூபா வந்தபோது சேகர் வெளியே போய்விட்டார். நானும் அவளும் மட்டும்தான். வெட்டிய இடங்களில் வெறும் அமைதி இருக்கும் என்று முதலிலேயே சொன்னேன். கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

மழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்க போகும்? அவள் நிமிர்ந்தாள். அந்தக் கரையிலேர்ந்து இந்தக் கரைக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் இடுக்கில் வழிந்தது. ஆனால் சிரித்தாள்.

இடையிடையே அமைதி. அமைதிக்கு நடுவில் அந்த ஒற்றைக் குரல் திரும்பத் திரும்ப எழுந்தது. பிறகு தபன்-தா. பிறகு அந்தச் சிரிப்பு. அதை வெட்ட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ரூபாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கல்யாணத்துக்காகத்தான் அவர் கை தூக்கினார். அப்போது அவளுக்கு வயது பதினொன்று.

"எதுக்கு பாபா" என்றாள், என்னிடம் இல்லை. "நான் என்ன, கோயில்ல மாலை மாத்திக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

டேப் ஓடிக்கொண்டிருந்தது. நீங்க ஒருத்தர்தான் இன்னும் பேசலை திதி. உங்களுக்கு என்ன தோணுது? அடுத்து என் குரல், முப்பது வருஷம் இளைய குரல், கல் மாதிரி. என் கருத்து இதுல சேராது, நம்பர் நாலு. டக்.

ரூபா என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்புல நானும் இருக்கேன்மா" என்றேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்து வைத்திருந்தேன்.

அவள் மடியிலிருந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "உங்களுக்கு என்ன தோணிச்சு மாஷி, அன்னிக்கு?"

"குளம் இருக்கட்டும்னுதான் தோணிச்சு. உங்க பாபா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரின்னுதான் தோணிச்சு."

இதைச் சொல்லத்தான் முப்பது வருஷம் ஏங்கியிருந்தேன். சொன்னதும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் ரூபா. கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. "டேப்பை நிறுத்தினதுக்கு அப்புறம்."

வருஷா வருஷம் முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுத்த பாடம் ஒன்று உண்டு. கூட்டத்துக்கு எதிராகத் தனியாக நிற்கிறவனைச் சாய்ப்பது சுலபம். அவனுக்கு ஒரே ஒரு துணை கிடைத்தால் போதும், நிமிர்ந்துவிடுவான். பலகையில் எழுதி, இரண்டு கோடு போட்டு, பரீட்சையில் கட்டாயம் வரும் என்று சொல்வேன். ஒரே ஒருத்தர் போதும். வாசலில் நின்று அட்டையை மெதுவாகக் கழற்றிய மனிதர் அந்த ஒரே ஒருத்தரைத்தான் எதிர்பார்த்து நின்றார். பொதுக்குழுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. டேப் நின்றுவிட்டது, இரண்டாம் சீட்டும் வாங்கியாயிற்று. பத்து அடி நடந்துபோய்ச் சொல்லியிருந்தால் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது.

கிளம்பும்போது ரூபா அட்டையை என்னிடம் நீட்டினாள். "உங்க டப்பாவுல ஒண்ணு குறையுதுல்ல?"

"வேண்டாம்மா. அது உங்க பாபாவோடது."

வைத்துக்கொண்டாள். போன வாரம் ஃபோன் பண்ணினாள். பக்கத்து நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறாளாம், கை இன்னும் மறக்கவில்லையாம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சார் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். கூட்டம் நடக்கும்போது முகம் சுவராக இருக்கட்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் டேப்பை நிறுத்தி, சீட்டை எல்லாம் வாங்கிய பிறகு உடனே ஒயர் சுற்றாதீர்கள். யார் வாசலில் தயங்கி நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒயர் எங்கேயும் ஓடிவிடாது.

என் பிஸ்கட் டப்பாவில் குழு மூன்றுக்கு இன்னும் ஏழு அட்டைதான் இருக்கின்றன.